சிப்பாயைக் கொடுத்தால் பதிலுக்கு என்ன வாங்குகிறீர்கள்?

கேள்வி: மூன்று வருடங்களாக செஸ் கிளப்பில் ஆடுகிறேன். ரேட்டிங் 1450-ஐ ஒட்டியே நிற்கிறது. காணொளிகள் பார்த்து ஏழெட்டு ஓப்பனிங்குகளும் நிறைய கேம்பிட்களும் (தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங்குகள்) படித்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் மூன்று நிமிட ஆட்டங்களில் அவை நன்றாக எடுபடுகின்றன. டோர்னமென்டில், யோசிக்க நேரமுள்ள ஆட்டங்களில், ஆறேழு நகர்த்தலிலேயே எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிடுகிறது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தோற்கிறேன். பிறர் என்னிடம் கேம்பிட் ஆடினாலும் தோற்கிறேன். கேம்பிட்களை மொத்தமாக விட்டுவிடவா? வியன்னா கேம்பிட் எப்படி? ஓப்பனிங்கை எத்தனை நகர்த்தல் வரை மனப்பாடம் செய்ய வேண்டும்? அடுத்த டோர்னமென்டுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டையும் (நகர்த்தல்களைக் குறித்த தாள்), அதற்கு முன் தோற்ற இரண்டு ஆட்டங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். ஸ்கோர் ஷீட்டையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு தாளிலேயே இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். டி4, இ5 போன்றவை கட்டங்களின் பெயர்கள்; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் வந்தால் அது சிப்பாய் நகர்த்தல்; எண்ணுக்குப் பின் "..." வந்தால் அது கறுப்பின் நகர்த்தல்.

நீங்கள் கறுப்பு. எங்லண்ட் கேம்பிட் ஆடியிருக்கிறீர்கள். 1. டி4 இ5 2. சிப்பாய் இ5-ஐ வெட்டுகிறது, குதிரை சி6 3. குதிரை எஃப்3 ராணி இ7 4. பிஷப் எஃப்4 ராணி பி4 செக் 5. பிஷப் டி2 ராணி பி2 சிப்பாயை வெட்டுகிறது. இதுவரை எல்லாம் நீங்கள் படித்து வைத்தபடியே நடந்திருக்கிறது. இந்த இடத்தில் வெள்ளை 6. பிஷப் சி3 என்று ராணியை விரட்ட வருவார், நீங்கள் பிஷப்பை பி4-க்குக் கொண்டுவருவீர்கள், அடுத்த இரண்டு நகர்த்தலில் ராணி சி1-இல் செக்மேட் என்பதுதான் உங்கள் எதிர்பார்ப்பு. மூன்று நிமிட ஆட்டத்தில் பலர் அப்படி வருவார்கள்தான். ஆனால் இந்த எதிராளி நாலு நிமிடம் யோசித்து 6. குதிரை சி3 ஆடியிருக்கிறார். பக்கத்திலேயே நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறீர்கள், மிக நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். அப்புறம் 6. ... பிஷப் பி4 7. யானை பி1 ராணி ஏ3 8. குதிரை டி5 பிஷப் டி2-ஐ வெட்டி செக், 9. ராணி திருப்பி வெட்டுகிறது, உங்கள் ராணி ஏ2 சிப்பாயை எடுக்கிறது, 10. யானை டி1 ராஜா டி8 11. குதிரை ஜி5.

இங்கே நிறுத்திப் பாருங்கள். கணக்குப்படி ஒரு சிப்பாய் அதிகம் இருப்பது உங்களிடம்தான். ஆனாலும் ஆட்டம் முடிந்துவிட்டது. உங்கள் பத்து நகர்த்தல்களில் ஐந்து ராணிக்கே போயிருக்கின்றன. ஜி8 குதிரையும் சி8 பிஷப்பும் இரண்டு யானைகளும் பிறந்த இடத்திலேயே நிற்கின்றன. ராஜா காஸ்லிங் செய்யும் (யானையோடு சேர்ந்து ஓரத்துக்குப் பத்திரமாக நகரும்) உரிமையை இழந்து நடுவில் நிற்கிறது. வெள்ளைக்கு இரண்டு குதிரைகளும் ராணியும் யானையும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டன.

நீங்கள் தோற்றது ஏழாவது நகர்த்தலுக்கு மேல் மனப்பாடம் இல்லாததால் இல்லை. அந்த லைனை இருபது நகர்த்தல் வரை படித்திருந்தாலும் இதே நிலைக்குத்தான் வந்திருப்பீர்கள், கொஞ்சம் தெம்பாக வந்திருப்பீர்கள், அவ்வளவுதான். எதிராளி ஒரு குறிப்பிட்ட தவறைச் செய்தால் மட்டுமே பலன் தரும் ஓப்பனிங் அது. அந்தத் தவறைச் செய்யாமல் இருக்க அவருக்குத் தியரி தெரிந்திருக்க வேண்டியதில்லை, நாலு நிமிடம் போதும். உங்கள் ஆன்லைன் ஆட்டத்துக்கும் டோர்னமென்ட் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்த நாலு நிமிடம்தான்.

அதனால் எந்த கேம்பிட்டைப் படிப்பதற்கு முன்பும் உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். எதிராளி சரியான பதிலை ஆடிவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? நான் சொல்லிக்கொடுக்கிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்பேன். "எதுவும் மிஞ்சாது, ஆனால் யாரும் சரியாக ஆட மாட்டார்கள்" என்று பதில் வந்தால் அந்த கேம்பிட்டை மூடி வைத்துவிடலாம்.

கேம்பிட் என்ற சொல்லே இத்தாலிய மொழியில் காலை வாரிவிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1561-இல் ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் அதை செஸ்ஸுக்குள் கொண்டுவந்தார். பெயருக்கு ஏற்றாற்போல் பலர் அதை வெறும் தந்திரமாகவே பார்க்கிறார்கள். நல்ல கேம்பிட் ஒரு பண்டமாற்று. சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறீர்கள், அல்லது மையத்தை, அல்லது திறந்த வரிசைகளை. மூன்று டெம்போ, அதாவது மூன்று நகர்த்தல் அளவு நேரம், ஒரு சிப்பாய்க்குச் சமம் என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வார்கள். துல்லியமான அளவுகோல் இல்லை என்றாலும் பழகுவதற்கு நல்ல கணக்கு. கொடுத்த பிறகு பலகையில் வாங்கியதை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் சிப்பாயைத் தொலைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எவன்ஸ் கேம்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற கப்பல் கேப்டன் கண்டுபிடித்தது. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 பிஷப் சி5 4. பி4. கறுப்பு பிஷப் அந்த சிப்பாயை வெட்டுகிறது, 5. சி3 என்று வெள்ளை பிஷப்பை விரட்டுகிறார். என்ன வாங்கினார் என்று எண்ணுங்கள். சி3 நகர்த்தல் பிஷப்பைத் தாக்கிக்கொண்டே வந்ததால் அது இலவசம். அடுத்து டி4 வருகிறது, மையம் முழுவதும் வெள்ளையுடையது. பி சிப்பாய் போனதால் சி1 பிஷப்புக்கு ஏ3 கட்டம் திறந்திருக்கிறது, அங்கிருந்து எஃப்8 வரை பார்க்கும், கறுப்பு காஸ்லிங் செய்வதையே தடுக்கும். கறுப்பு எல்லாவற்றையும் சரியாக ஆடினாலும் இவற்றில் ஏதோ ஒன்று வெள்ளையிடம் மிஞ்சுகிறது.

1995-இல் ரிகாவில் கேரி காஸ்பரோவ் இதே கேம்பிட்டை விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக ஆடி 25 நகர்த்தல்களில் ஜெயித்தார். ஆனந்த் பிஷப்பை இ7-க்குப் பின்வாங்கினார், காஸ்பரோவின் 6. டி4 நகர்த்தலுக்குப் பதிலடியாக குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் சி4 பிஷப்பைத் தாக்கினார். காஸ்பரோவ் என்ன செய்தார் தெரியுமா? 7. பிஷப் இ2. ஒரு சிப்பாய் குறைவு, ஆடுவதோ தாக்குதல் ஓப்பனிங், பிஷப்பை அமைதியாக இரண்டு கட்டம் பின்னால் வைக்கிறார். எதிர்ப்பக்கம் மையத்தில் வெட்டிய பிறகு ராணியால் டி4-இல் திருப்பி வெட்டி ஜி7-ஐப் பார்த்தார். அந்த பிஷப் இ2 நகர்த்தலை என் மாணவர்கள் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். சிப்பாயைக் கொடுத்ததும் பதற்றம் வந்துவிடுகிறது, உடனே எஃப்7-இல் எதையாவது பலி கொடுத்து முடித்துவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. வாங்கிய மையம் எங்கேயும் ஓடிவிடாது. உங்கள் மற்ற இரண்டு தோல்விகளிலும் இந்த அவசரத்தைப் பார்த்தேன், கொடுத்த கேம்பிட் நல்லதாகவே இருந்தும்.

ஸ்மித்-மோரா கேம்பிட்டும் இதே வகைதான். 1. இ4 சி5 2. டி4, கறுப்பு வெட்டுகிறார், 3. சி3, மறுபடி வெட்டுகிறார், 4. குதிரை சி3-இல் வெட்டுகிறது. சிசிலியன் தடுப்பாட்டத்துக்கு எதிராக இதை நான் உங்கள் ரேட்டிங்கில் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் திட்டம் தெளிவு. குதிரை எஃப்3, பிஷப் சி4, காஸ்லிங், ராணி இ2, யானைகளில் ஒன்று டி1-இல், இன்னொன்று சி1-இல். எல்லாக் காய்களுக்கும் இடம் முன்கூட்டியே தெரியும். திறந்த டி வரிசையில் யானையை உணரப் பழகுவீர்கள். ட்ராப்கள் (பொறிகள்) இதிலும் உண்டு: 4. ... குதிரை சி6 5. குதிரை எஃப்3 டி6 6. பிஷப் சி4 குதிரை எஃப்6 என்று இயல்பாக ஆடினால் 7. இ5! கறுப்பு குதிரையால் வெட்டினால் 8. குதிரை இ5-ஐ வெட்டும், டி சிப்பாய் திருப்பி வெட்டும், 9. பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா அதை எடுத்தே ஆக வேண்டும், டி8-இல் ராணி போய்விடும். இந்த ட்ராப் அந்தத் திட்டத்திலிருந்தே முளைக்கிறது என்பதைக் கவனியுங்கள். டி வரிசை திறந்தது, பிஷப் சி4-இல் இருந்தது, அதனால் நடந்தது. எதிராளி 6-இல் வேறு எதையாவது ஆடினாலும் உங்கள் காய்கள் நல்ல இடத்தில்தான் இருக்கும். எங்லண்டில் ட்ராப் தவறினால் ராணி மட்டும் தனியாக ஏ2-இல் நிற்கும்.

வியன்னா கேம்பிட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1. இ4 இ5 2. குதிரை சி3 குதிரை எஃப்6 3. எஃப்4. கறுப்பு எஃப்4-இல் வெட்டினால் 4. இ5 வந்து குதிரை பெரும்பாலும் ஜி8-க்கே திரும்ப வேண்டியதுதான், வெள்ளைக்குச் சந்தோஷம். சரியான பதில் 3. ... டி5. அதற்கு 4. எஃப் சிப்பாய் இ5-ஐ வெட்டும், குதிரை இ4-ஐ வெட்டும். சமநிலை. சமநிலை என்றால் என்ன? வெள்ளைக்கு எஃப் வரிசை பாதி திறந்திருக்கிறது, காய்கள் வெளியே வருகின்றன, ஆட வேண்டிய ஆட்டம் ஒன்று மிஞ்சுகிறது. நான் கேட்கச் சொன்ன கேள்விக்கு இது நேர்மையான பதில். தாராளமாக ஆடலாம்.

ஸ்டாஃபோர்ட் கேம்பிட் அப்படி இல்லை. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. குதிரை இ5-ஐ வெட்டுகிறது, குதிரை சி6 4. குதிரை சி6-ஐ வெட்டுகிறது, டி சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. 5. டி3 பிஷப் சி5 6. பிஷப் ஜி5 என்று வெள்ளை அலட்சியமாக வந்தால் குதிரை இ4-ஐ வெட்டும், வெள்ளை ராணியை எடுத்துக்கொள்வார், பிஷப் எஃப்2-இல் செக், ராஜா இ2, மற்ற பிஷப் ஜி4-இல் செக்மேட். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை 6. பிஷப் இ2 ஆடினால் நீங்கள் ஒரு சிப்பாய் குறைவாக உட்கார்ந்திருப்பீர்கள். கறுப்புக்கு வேகம் கொஞ்சம் உண்டு என்றாலும் விலைக்கு அது போதாது. டோர்னமென்டுக்கு வேண்டாம்.

ராணி கேம்பிட்டை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது, பெயர்தான் கேம்பிட். 1. டி4 டி5 2. சி4, கறுப்பு வெட்டினாலும் சிப்பாயை வைத்துக்கொள்ள முடியாது. 3. இ3 பி5 என்று காப்பாற்றப் பார்த்தால் 4. ஏ4 சி6 5. ஏ சிப்பாய் பி5-ஐ வெட்டும், சி சிப்பாய் திருப்பி வெட்டும், 6. ராணி எஃப்3! ஏ8 யானைக்குப் போகிற வழி திறந்துவிட்டது. குறைந்தது ஒரு காய் நஷ்டம். இதைப் பலகையில் நாலைந்து முறை ஆடிப் பாருங்கள், பேராசைக்கு மையத்தில் என்ன விலை என்பது கைக்குப் புரியும்.

சரி, எத்தனை நகர்த்தல் மனப்பாடம் செய்வது? எண்ணிக்கை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது நிலையைப் பொறுத்தது. ஒரு நகர்த்தல் தவறினால் ஆட்டமே போகும் இடங்களில் மனப்பாடம் வேண்டும். உதாரணமாக நீங்கள் கறுப்பில் 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை எஃப்6 ஆடினால், 4. குதிரை ஜி5 டி5 5. இ சிப்பாய் டி5-ஐ வெட்டியதும் குதிரையால் திருப்பி வெட்டக் கூடாது, குதிரை ஏ5 ஆட வேண்டும் என்பது தெரிந்தே இருக்க வேண்டும். வெட்டினால் எஃப்7-இல் குதிரைப் பலி வந்து உங்கள் ராஜா நடுப்பலகைக்கு இழுத்து வரப்படும். இதை ஒவ்வொரு முறையும் பலகையில் உட்கார்ந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது. அமைதியான நிலைகளில் அப்படி இல்லை. அங்கே எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும், எந்த சிப்பாய் நகர்த்தல் ஆட்டத்தைத் திறக்கும் என்று தெரிந்தால் வரிசை மாறினாலும் தொல்லை இல்லை.

மனப்பாடத்துக்கு நான் வைத்திருக்கும் விதி இது: காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொந்தமாக எழுத முடியாத நகர்த்தல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. ஒரு நோட்டு போடுங்கள். ஓப்பனிங்குக்கு இரண்டு பக்கம் போதும். "5. சி3 - பிஷப்பை விரட்டிக்கொண்டே டி4-க்குத் தயார்" என்கிற மாதிரி எழுதுங்கள். "இன்ஜின் (செஸ் மென்பொருள்) சொல்கிறது" என்று மட்டும் எழுதத் தோன்றினால் அந்த இடத்தில் நின்று, மாற்று நகர்த்தல் ஒன்றை ஆடிப் பார்த்து, அது ஏன் மோசம் என்று கண்டுபிடியுங்கள். எழுதியதை மறுநாள் நோட்டைப் பார்க்காமல் பலகையில் ஆடிப் பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் கழித்து. நினைவு அப்படித்தான் உறைக்கிறது, ஒரே நாளில் முப்பது முறை பார்ப்பதால் இல்லை.

அடுத்தது, ஏழெட்டு ஓப்பனிங். குறையுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். வெள்ளையில் ஒன்று, 1. இ4-க்கு எதிராக ஒன்று, 1. டி4-க்கு எதிராக ஒன்று. அனுப்பிய ஆட்டங்களைப் பார்த்தால் உங்களுக்குத் திறந்த ஆட்டம் பிடிக்கிறது, குதிரையும் பிஷப்பும் சீக்கிரம் வெளியே வந்தால் நன்றாக யோசிக்கிறீர்கள். அதனால் வெள்ளையில் 1. இ4, இத்தாலிய ஆட்டம் (3. பிஷப் சி4), எதிராளி பிஷப்பை சி5-க்குக் கொண்டுவந்தால் எவன்ஸ். குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் 4. டி3 என்று நிதானமாகப் போகலாம். சிசிலியனுக்கு மோரா. பிரெஞ்சு (1. ... இ6), காரோ-கான் (1. ... சி6) இரண்டுக்கும் 3. இ5 என்று முன்னேறும் லைன், இரண்டிலும் சிப்பாய் அமைப்பு ஒரே சாயல் என்பதால் ஒன்றில் கற்றது மற்றதில் உதவும். கறுப்பில் 1. இ4-க்கு இ5. 1. டி4-க்கு எங்லண்டை விட்டுவிட்டு, டி5, இ6, குதிரை எஃப்6, பிஷப் இ7, காஸ்லிங். சுவாரசியம் குறைவு என்று தோன்றலாம். ஆனால் உங்கள் ராஜா பத்திரமாக இருக்கும் ஆட்டங்களில் நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை.

கறுப்பிலும் கேம்பிட் வேண்டும் என்று மனம் கேட்டால் ஒரு வருடம் கழித்து பெங்கோ கேம்பிட்டைப் பாருங்கள். 1. டி4 குதிரை எஃப்6 2. சி4 சி5 3. டி5 பி5. அதில் செக்மேட் கனவு எதுவும் கிடையாது. ஏ, பி வரிசைகள் கறுப்பு யானைகளுக்குத் திறக்கின்றன, ஜி7 பிஷப் நீள மூலைவிட்டத்தில் உட்கார்கிறது, வெள்ளையின் ராணிப் பக்கச் சிப்பாய்கள் மீது அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ராணிகள் மாறி எண்ட் கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) வந்த பிறகும் அந்த அழுத்தம் போவதில்லை. கொடுத்த சிப்பாய்க்கு இவ்வளவு நீண்ட நாள் வருமானம் வேறு எந்த கேம்பிட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதை ரசிக்கக் கொஞ்சம் பொறுமை பழகியிருக்க வேண்டும்.

பிறர் உங்களிடம் கேம்பிட் ஆடும்போது தோற்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிளப் ஆட்டக்காரர்கள் அதிகம் புள்ளி இழப்பது இங்கேதான். நீங்கள் சிப்பாயை எடுத்துவிட்டு அதைக் கடைசி வரை கையில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எடுப்பது தவறில்லை, பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

டேனிஷ் கேம்பிட்டில் இது பளிச்சென்று தெரியும். 1. இ4 இ5 2. டி4 வெட்டு 3. சி3 வெட்டு 4. பிஷப் சி4 வெட்டு 5. பிஷப் பி2-இல் வெட்டுகிறது. கறுப்புக்கு இரண்டு சிப்பாய் லாபம், வெள்ளையின் இரண்டு பிஷப்களும் உங்கள் ராஜா பக்கத்தைக் குறிவைத்து நிற்கின்றன. இப்போது 5. ... டி5! ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். 6. பிஷப் டி5-ஐ வெட்டும், குதிரை எஃப்6. 7. பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா வெட்டுகிறது, 8. ராணி உங்கள் ராணியை எடுத்துவிட்டது. பலரும் இங்கே "ஐயோ, ராணி போச்சே" என்று இந்த லைனையே கைவிடுகிறார்கள். 8. ... பிஷப் பி4 செக்! பிஷப் எஃப்8-இலிருந்து விலகியதும் எச்8 யானையின் பார்வை டி8 வரை திறந்துவிட்டது, அங்கே நிற்கும் வெள்ளை ராணி மாட்டிக்கொண்டது. 9. ராணி டி2-க்கு வந்து மறைக்கத்தான் வேண்டும், பிஷப் அதை வெட்டும், குதிரை திருப்பி வெட்டும். எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஐந்து சிப்பாய், காய்களும் சமம், வெள்ளையின் தாக்குதல் இருந்த சுவடே இல்லை.

எவன்ஸிலும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் எல்லோரும் பயந்த கேம்பிட் அது. முன்னாள் உலக சாம்பியன் எமானுவல் லாஸ்கர் அதற்குக் காட்டிய வழி: 5. சி3 பிஷப் ஏ5 6. டி4 டி6 7. காஸ்லிங் பிஷப் பி6. வேண்டுமானால் சிப்பாயை எடுத்துக்கொள், ராணிகளும் மாறட்டும், சிப்பாய் அமைப்பு என்னுடையதுதான் நல்லது என்று அமைதியாகச் சொல்லும் நகர்த்தல் அது. தாக்கி ஆட வந்தவருக்கு அதைவிடச் சங்கடம் கிடையாது. நீங்கள் எவன்ஸ் ஆடப்போகிறீர்கள் என்பதால் இதை இரண்டு பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். ராணியை மாற்றாமல் தாக்குதலைத் தொடர வெள்ளைக்கு என்ன வழி இருக்கிறது என்று தேடுவது உங்கள் முதல் வீட்டுப்பாடமாக இருக்கட்டும்.

இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்பிட் என்றாலே அது அரை சிப்பாய் குறை காட்டும். உங்கள் மட்டத்தில் அந்த அரை சிப்பாயை எதிராளியால் நாற்பது நகர்த்தல் பாதுகாத்து வெற்றியாக்க முடியாது, கவலைப்படாதீர்கள். இரண்டு சிப்பாய் அளவு குறை காட்டினால் நம்புங்கள், விலகுங்கள். பாபி ஃபிஷர் 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் போரிஸ் ஸ்பாஸ்கியின் ராஜா கேம்பிட்டுக்கு (1. இ4 இ5 2. எஃப்4) எதிராகத் தோற்றார். மறுவருடம் அந்த கேம்பிட் செல்லாது என்று ஒரு கட்டுரையே எழுதினார். 1963-இல் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அவரே வெள்ளையில் ராஜா கேம்பிட் ஆடி ஜெயித்தார், மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி4-க்குக் கொண்டுவரும் லைனில். காகிதத்தில் உள்ள தீர்ப்பும் பலகையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் சிக்கலும் ஒன்று இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி இரண்டு மாதம். முதல் இரண்டு வாரம் எவன்ஸ் மட்டும். காணொளி வேண்டாம், முழு ஆட்டங்களைப் பாருங்கள். 1852-இல் அடால்ஃப் ஆண்டர்சன் ஜான் டுஃப்ரேனை வென்ற "எவர்கிரீன்" ஆட்டம் எவன்ஸ்தான், அதோடு நான் சொன்ன காஸ்பரோவ் ஆட்டம். ஓப்பனிங்கோடு நிறுத்தாமல் கடைசி நகர்த்தல் வரை பாருங்கள், வாங்கிய மையம் எப்படித் தாக்குதலாக மாறியது என்பது பாதிக்கு மேல்தான் தெரியும். மூன்றாவது, நான்காவது வாரம் மோரா. அதன்பின் கறுப்பு. லிச்செஸ் தளத்தில் ஓப்பனிங் எக்ஸ்புளோரர் இலவசமாகவே இருக்கிறது, அதில் ரேட்டிங்கைத் தேர்ந்தெடுத்து உங்கள் மட்டத்து ஆட்டக்காரர்கள் உண்மையில் என்ன ஆடுகிறார்கள் என்று பார்க்கலாம். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் பதினைந்தாவது நகர்த்தலைப் படித்து என்ன செய்வது? உங்கள் எதிராளி நாலாவதிலேயே விலகிவிடுவார். அந்த விலகலுக்குத் தயாராகுங்கள்.

பயிற்சி ஆட்டத்தை 15 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும், இன்ஜினைத் திறக்கும் முன், உங்கள் நோட்டிலிருந்து ஆட்டம் எந்த நகர்த்தலில் விலகியது, விலகியது யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே இடத்துக்குப் பதில் தேடுங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு நகர்த்தல் வீதம் நோட்டு வளரட்டும். ஓப்பனிங்குக்குச் செலவிடும் நேரம் மொத்தப் பயிற்சியில் நாலில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மிச்சத்தை டாக்டிக்ஸுக்கும் (சில நகர்த்தல்களில் காயையோ ஆட்டத்தையோ வெல்லும் உத்திகள்) எண்ட் கேமுக்கும் வையுங்கள், குறிப்பாக டாக்டிக்ஸ், கேம்பிட் ஆடுகிறவருக்கு அது இல்லாமல் எதுவும் நடக்காது.

எங்லண்டை ஆன்லைனில் மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு மாதம் அங்கேயும் வேண்டாம், கை பழகியது டோர்னமென்டிலும் வரும். பதிலாக, கிளப் நண்பர் ஒருவரைக் கறுப்பு ஆடச் சொல்லி, ஆறாவது நகர்த்தலில் குதிரை சி3 வைத்த அந்த நிலையிலிருந்து வெள்ளையை நீங்கள் ஆடுங்கள். நாலைந்து ஆட்டம். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அன்று பலகையில் எதைப் பார்த்தார் என்று தெரிந்துவிடும்.